மின்மினிகளை எண்ணும் கணினிக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

கோல சிலாங்கூர் நகரிலிருந்து ஆற்றோடு உள்ளே போனால் கம்போங் குவாந்தான் வரும். இருட்டிய பிறகு அங்கே சம்பானில் ஏறி அமர்ந்தால், சிலாங்கூர் ஆற்றின் கரையோரத்துப் பெரெம்பாங் மரங்கள் இலைக்கு இலை மின்னுவதைக் காணலாம். மின்னுபவை அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் சின்னஞ்சிறு வண்டுகள். பூச்சியியலார் இவற்றுக்கு வைத்த பெயர் டெராப்டிக்ஸ் டெனெர். ஒரே மரத்தில் கூடும் ஆண் மின்மினிகள் தாளம் பிசகாமல் சேர்ந்து மின்னும். இப்படிச் சேர்ந்து மின்னும் இனங்கள் உலகில் சிலவே உண்டு.

இவற்றின் புழுக்கள் மரத்தில் வாழ்வதில்லை. கரையோரத்து ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையை ஒட்டி மண்ணை வெட்டிச் செம்பனை நட்டால், பெரெம்பாங் மரம் தப்பினாலும் புழுவுக்கு வாழ்விடம் போய்விடும். ஆகவே பூச்சிகள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்று ஆண்டுக்கு ஆண்டு கணக்கெடுத்தாக வேண்டும். அணைந்து அணைந்து எரியும் ஆயிரக்கணக்கான பூச்சிகளை, அதுவும் இருட்டில், ஆடும் படகில் உட்கார்ந்து யாராலும் கண்ணால் எண்ண முடியாது.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் லாரன்ஸ் கிர்ட்டனும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மரத்தை இரவில் டிஜிட்டல் கேமராவால் படம் எடுத்து, அந்தப் படத்தைக் கணினியில் பகுத்து, மின்மினிகளின் ஒளியை அளப்பது அந்த வழி. சிலாங்கூர் ஆற்றில் செய்து பார்த்த இந்த முறையை 2012-இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். பூச்சியைப் பிடிக்கவோ தொந்தரவு செய்யவோ தேவையில்லை. கேமராவும் கணினியும் பொறுமையும் போதும்.

கணினியைச் சொல்லும்போது நாம் எளிதாக மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. படங்களை வைத்திருக்க ஓர் இடம் வேண்டும். அவற்றின் மேல் வேலை செய்ய இன்னோர் இடம் வேண்டும். முதலாவது எவ்வளவு என்று கோப்பின் அளவைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. பல சமயம் அது முதலாவதைவிடப் பல மடங்கு பெரியது. வட்டு நிறைந்துவிட்டது என்று மென்பொருள் பாதி வேலையில் நின்றுபோவதற்கும், அவசரத்தில் இடம் தேடிக் கைக்கு வந்ததை அழித்துவிட்டு வருந்துவதற்கும் இந்த இரண்டாவது இடத்தைப் பற்றி அறியாததே காரணம்.

மடித்த படமும் விரித்த படமும்

24 மெகாபிக்சல் கேமராவை எடுத்துக்கொள்வோம். அகலத்தில் 6,000 பிக்சல், உயரத்தில் 4,000 பிக்சல். பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். நுணுக்கமான வேலைக்கு ஒவ்வோர் எண்ணையும் 16 பிட்டில், அதாவது 2 பைட்டில் எழுதுவார்கள். ஆக ஒரு பிக்சலுக்கு 6 பைட். முழுப் படத்துக்கு 144 மெகாபைட்.

ஆனால் கேமராவின் அட்டையைத் திறந்து பார்த்தால் அதே படம் ஜேபெக் வடிவில் 10 மெகாபைட்டுக்குள் அடங்கியிருக்கும். மீதி எங்கே போயிற்று? இந்தச் சுருக்கத்தின் அடியில் இருக்கும் கணக்கை 1974-இல் மூவர் வெளியிட்டார்கள்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், கே. ஆர். ராவ். தனித்த கொசைன் உருமாற்றம் என்பது அதன் பெயர். 1992-இல் வந்த ஜேபெக் தரம் அதன்மேல் கட்டப்பட்டது. இன்று கைப்பேசியில் வரும் கல்யாணப் படம் முதல் கோயில் திருவிழாப் படம் வரை பெரும்பாலானவை இந்தக் கணக்கின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன.

ஜேபெக் செய்வது இதுதான். படத்தை 8-க்கு 8 பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் சாயல் எவ்வளவு, சட்டென்று மாறும் நுணுக்கம் எவ்வளவு என்று பிரித்து எழுதும். மெல்ல மாறுவதைக் கவனமாக வைத்துக்கொண்டு, சட்டென்று மாறுவதைத் தோராயமாக்கும். நீல வானம், சுவர், முகம் போன்றவற்றில் இந்தத் தோராயம் நம் கண்ணுக்குப் படாது.

மின்மினிப் படத்தில் நிலைமை வேறு. அந்தப் படத்தை 800 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். கரிய பின்னணியில் ஒரு மின்மினி என்பது மூன்று பிக்சல் அகலமுள்ள மஞ்சள்பச்சைப் புள்ளி. நடுவில் ஒளி உச்சம். ஒரே பிக்சல் தள்ளி அது பாதியாகிவிடும். இன்னும் ஒன்று தள்ளினால் இருட்டு. முழுக்க முழுக்கச் சட்டென்று மாறும் நுணுக்கம் அது. ஜேபெக்கின் தரத்தைக் குறைத்துச் சேமித்தால், புள்ளியைச் சுற்றி அதே கட்டத்துக்குள் மங்கலான அலைகள் தோன்றும். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரு புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். ஜேபெக் பெரும்பாலும் நிறத்தைப் பாதி நுணுக்கத்திலேயே வைப்பதால் பச்சையும் கசியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். எண்ணப் போனால் கணக்குத் தப்பும். அதனால்தான் அளக்கும் வேலைக்குப் படம் எடுப்பவர்கள் கேமராவின் உணரி பதிந்த ரா கோப்பை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

ராவோ ஜேபெக்கோ, திருத்தும் மென்பொருளில் திறந்தவுடன் படம் தன் முழு அளவுக்கு விரிந்துவிடும். பீரோவில் மடித்து வைத்த பட்டுச்சேலை ஒரு சாண் இடத்தில் அடங்குகிறது. அதன் ஓரத்துக்குக் குஞ்சம் கட்ட வேண்டுமானால் கூடம் முழுக்க விரித்தாக வேண்டும். பீரோவில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் குஞ்சம் கட்ட உட்கார முடியாது. 10 மெகாபைட் கோப்பு 144 மெகாபைட்டாக விரிவதும் அப்படித்தான். கிம்ப் மென்பொருளில் 32 பிட் மிதவைப் புள்ளி நுணுக்கத்தைத் தேர்ந்தெடுத்து, ஒளிபுகும் தன்மைக்கான அடுக்கையும் சேர்த்தால் அதே படம் 384 மெகாபைட் கேட்கும்.

ரேம் போதாதபோது

மின்மினி ஒரு கணம் எரிந்து மறுகணம் அணைவதால், ஒரே படத்தில் எல்லாப் பூச்சிகளும் சிக்குவதில்லை. முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்தித் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து, அவற்றை அடுக்கி, ஒவ்வொரு பிக்சலிலும் எது மிகப் பிரகாசமோ அதைத் தேர்ந்தெடுப்பது இரவுப் படக்காரர்களின் வழக்கம். 60 படங்களை அடுக்குகளாகத் திறந்தால் 60 பெருக்கல் 144, அதாவது 8,640 மெகாபைட். ஏறக்குறைய 8.6 ஜிபி. பல மடிக்கணினிகளில் இருக்கும் ரேமோ மொத்தமே 8 ஜிபி. அதில் கணிசமான பங்கை இயங்குதளமும் உலாவியும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும்.

இங்கேதான் தற்காலிகக் கோப்பு பிறக்கிறது. ரேமில் கொள்ளாததை மென்பொருள் வட்டில் எழுதி வைக்கும். தேவைப்படும் துண்டை ரேமுக்குக் கொண்டுவரும்; தேவையில்லாத துண்டைத் திரும்ப வட்டுக்கு அனுப்பும்.

யோசனை பழையது. 1962-இல் இயங்கத் தொடங்கிய மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியில் டாம் கில்பர்னும் அவர் தோழர்களும் இதைச் செய்துகாட்டினார்கள். விரைவான காந்த நினைவகம் சிறியது. சுழலும் உருளை பெரியது, ஆனால் மெதுவானது. இரண்டையும் ஒரே நினைவகம்போல் நிரலுக்குக் காட்டி, 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகத் தரவை இரண்டுக்கும் இடையே கணினியே மாற்றிக்கொண்டது. இன்று மெய்நிகர் நினைவகம் என்று எல்லாக் கணினியிலும் இருப்பது இதுவே.

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990 பிப்ரவரியில் மெக்கின்டோஷ் கணினிக்கு வெளிவந்தது. அன்றைய மெக்கின்டோஷ் இயங்குதளத்தில் மெய்நிகர் நினைவகம் கிடையாது. அதனால் ஃபோட்டோஷாப் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொண்டது. அதுவே இன்றுவரை ஸ்கிராட்ச் டிஸ்க் என்ற பெயரில் தொடர்கிறது. இயங்குதளத்தின் மெய்நிகர் நினைவகம் பிற்பாடு வந்த பிறகும் இது நீடிக்கக் காரணம் உண்டு. படத்தின் எந்தப் பகுதி அடுத்து வேண்டும் என்பது இயங்குதளத்தைவிடப் படத்திருத்த மென்பொருளுக்கே நன்றாகத் தெரியும். படத்தை ஓடுகளாகப் பிரித்து, திரையில் தெரியும் ஓடுகளை ரேமில் வைத்து மற்றவற்றை வட்டுக்கு அனுப்பும். கிம்ப்பும் இதே முறையில் இயங்குகிறது. அது தனக்கென ஓர் இடமாற்றுக் கோப்புறை வைத்திருக்கும்.

விரித்த படத்தோடு கணக்கு முடிவதில்லை. நாம் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் பின்வாங்க வசதியாக, திருத்துவதற்கு முந்தைய நிலையையும் மென்பொருள் வைத்துக்கொள்ள வேண்டும். தூரிகையால் ஒரு மூலையைத் தொட்டால் அந்த மூலையின் ஓடுகள் மட்டும் படியெடுக்கப்படும், செலவு சொற்பம். இரைச்சல் நீக்கம், ஒளிச்சமன் போல முழுப் படத்தையும் தொடும் வேலை என்றால் ஒரு முறைக்கு முழு 144 மெகாபைட். ஃபோட்டோஷாப்பின் அண்மைப் பதிப்புகள் இயல்பாக 50 நிலைகள் வரை நினைவில் வைக்கின்றன. 50 பெருக்கல் 144 என்றால் 7.2 ஜிபி. ஒற்றைப் படத்தைத் திறந்து அரைமணி நேரம் வேலை செய்தவருக்கு வட்டில் 7 ஜிபி காணாமல்போகும் மர்மம் இதுதான்.

அடுக்காமலே அடுக்கலாம்

இடத்தைப் பெருக்குவதற்கு முன் தேவையைக் குறைக்கலாம். அதற்குப் பணம் வேண்டாம், சற்று எண்ணிப் பார்த்தால் போதும்.

60 படங்களில் ஒவ்வொரு பிக்சலுக்கும் உச்ச ஒளியைத் தேட அறுபதையும் ஒரே நேரத்தில் விரிக்க வேண்டியதில்லை. பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திலும் உச்சத்தை எடுத்து, கிடைத்த ஆறு படங்களில் மறுபடி உச்சத்தை எடுங்கள். விடை ஒரு பிக்சல்கூட மாறாது. ஆறு வகுப்புகளில் ஒவ்வொன்றிலும் உயரமானவரை அழைத்து, அந்த ஆறு பேரில் உயரமானவரைக் கண்டாலும், பள்ளி முழுவதையும் வரிசையில் நிறுத்திக் கண்டாலும் அதே பிள்ளைதான். ஆனால் தேவைப்படும் இடம் 8.6 ஜிபியிலிருந்து 1.44 ஜிபியாக இறங்கிவிடும். இரைச்சலைக் குறைக்கச் சராசரி எடுப்பவர்களும், குழுக்கள் சம அளவில் இருந்தால், இதையே செய்யலாம். இடைநிலை அளவு (மீடியன்) எடுப்பவர்கள் மட்டும் இப்படிப் பிரிக்கக் கூடாது. அங்கே விடை மாறிவிடும்.

வெட்டுவதை முதலில் செய்யுங்கள். ஆறும் வானமும் போக மரம் மட்டும் படத்தில் பாதி என்றால், முதலிலேயே வெட்டிவிட்டால் பின்னால் வரும் ஒவ்வோர் அடியும் பாதி இடத்தில் முடியும். வேலை ஒரு கட்டம் முடிந்ததும் சேமித்து, மூடி, மறுபடி திறந்தால் பின்வாங்கும் நிலைகள் விடுபட்டு இடம் திரும்பும். பின்வாங்கும் நிலைகளை 50-லிருந்து 15-ஆகக் குறைத்தாலும் பலன் உண்டு. ஃபோட்டோஷாப்பில் விருப்பத்தேர்வுகளின் செயல்திறன் பகுதியிலும், கிம்ப்பில் கணினி வளங்கள் பகுதியிலும் இதற்கான எண் இருக்கிறது.

எந்த வட்டில் வைப்பது?

தற்காலிகக் கோப்பை எங்கே வைக்கிறோம் என்பது வேகத்தைத் தீர்மானிக்கும். 8.64 ஜிபியை ஒரு முறை எழுத ஆகும் நேரத்தைப் பாருங்கள். நொடிக்கு 150 மெகாபைட் எழுதும் வன்தட்டில் ஏறக்குறைய 58 நொடி. 500 மெகாபைட் எழுதும் சாட்டா எஸ்.எஸ்.டி.யில் 17 நொடி. 3,000 மெகாபைட் எழுதும் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யில் 3 நொடி. யூ.எஸ்.பி. 2.0 பென்டிரைவின் ஏட்டளவு உச்சமே நொடிக்கு 60 மெகாபைட். நடைமுறையில் அதிலும் குறைவு.

வன்தட்டுக்கு இன்னொரு சுமையும் உண்டு. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி எடுக்கும். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச்சுற்றுக் காத்திருக்க வேண்டும். படத்தின் ஓடுகள் தட்டெங்கும் சிதறிக் கிடந்தால் ஒவ்வோர் ஓட்டுக்கும் இந்தக் காத்திருப்பு. ஓடுகளோ ஆயிரக்கணக்கில் இருக்கும். மென்பொருள் உறைந்துபோனதுபோல் தோன்றுவது இந்தக் காத்திருப்பால்தான்.

ஆகவே கணினியில் உள்ள மிக விரைவான உள் எஸ்.எஸ்.டி.யில் ஸ்கிராட்ச் டிஸ்க்கை வையுங்கள். இரண்டு எஸ்.எஸ்.டி. இருந்தால் இயங்குதளம் இல்லாததில் வைப்பது நல்லது. அது நிறைந்தாலும் விண்டோஸ் மூச்சுத் திணறாது. பென்டிரைவிலோ, ஆடினால் கழன்றுவிடும் வெளித்தட்டிலோ வைக்காதீர்கள். வேலை நடுவே இணைப்பு அறுந்தால் திறந்திருக்கும் படம் போய்விடும். வட்டு முற்றிலும் நிறைந்து ஃபோட்டோஷாப் திறக்கவே மறுத்தால், அதைத் தொடங்கும்போது விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்தால் வேறு வட்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வரும். கிம்ப்பில் விருப்பத்தேர்வுகளில் கோப்புறைகள் என்ற பகுதியில் தற்காலிகக் கோப்புறைக்கும் இடமாற்றுக் கோப்புறைக்கும் தனித்தனி இடம் கொடுக்கலாம்.

எஸ்.எஸ்.டி.யை விளிம்புவரை நிரப்பக் கூடாது என்பதற்கும் இயற்பியல் காரணம் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் நாண்ட் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது சிறு பக்கங்களில் நடக்கிறது. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த தொகுதிகளில் மட்டுமே முடியும். எழுதிய பக்கத்தின் மேலேயே திரும்ப எழுதவும் முடியாது. இடம் தாராளமாக இருந்தால் காலித் தொகுதியில் எழுதிவிட்டுப் பழையதை ஓய்வாக அழித்துக்கொள்ளும். நெருக்கடியில், ஒரு தொகுதியை அழிக்க அதில் இன்னும் தேவைப்படும் பக்கங்களை முதலில் வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். ஒரு முறை எழுதச் சொன்னால் உள்ளே பல முறை எழுதும். பத்தில் ஒரு பங்கையாவது, முடிந்தால் ஐந்தில் ஒரு பங்கை, எப்போதும் காலியாக விடுங்கள்.

தற்காலிகக் கோப்புகளால் எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். 500 ஜிபி எஸ்.எஸ்.டி. பலவற்றுக்கு 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாள்தோறும் 30 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 10,000 நாள் ஆகும், 27 ஆண்டு.

தற்காலிகக் கோப்புறைக்குள் ஒரு பார்வை

விண்டோஸில் தற்காலிகக் கோப்புறை, பயனர் பெயருக்குக் கீழே ஆப்டேட்டா, அதற்குக் கீழே லோக்கல், அதற்குக் கீழே டெம்ப் என்று மறைந்திருக்கும். திறந்து, அளவின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். புரியாத பெயருள்ள நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளுக்கு மேலே சில ஜிபிக் கணக்கில் ஒன்றிரண்டு நிற்கலாம். ஃபோட்டோஷாப் டெம்ப் என்று தொடங்கி எண்களில் முடியும் பெயர் தெரிந்தால் அது ஸ்கிராட்ச் கோப்பு. ஸ்கிராட்ச் டிஸ்க்கை வேறு வட்டுக்கு மாற்றியிருந்தால் அதையும் பாருங்கள். இமேஜ்மேஜிக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு மேஜிக் என்று தொடங்கும் கோப்புகள் கிடக்கலாம்.

முறையாக மூடும்போது மென்பொருள் தன் கோப்பைத் தானே அழித்துவிடும். இடி மின்னலில் கரண்ட் போனாலோ மென்பொருள் திடீரென நின்றாலோ அழிக்க ஆள் இல்லாமல் அது அப்படியே கிடக்கும். அடுத்த முறை மென்பொருள் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். பழையதை ஏறெடுத்தும் பார்க்காது. மழைக்காலத்தில் நாலைந்து முறை இப்படி நடந்தால் 30, 40 ஜிபி ஆளில்லாத கோப்புகளில் முடங்கிவிடும்.

இவற்றை அழிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மென்பொருளை ஒரு முறை திறந்து, மீட்டெடுத்த படம் ஏதும் காட்டுகிறதா என்று பாருங்கள். ஃபோட்டோஷாப்பின் தானியங்கி மீட்பு நகல் ஸ்கிராட்ச் கோப்பிலிருந்து வேறானது. கரண்ட் போன பிறகு உங்கள் உழைப்பைக் காப்பாற்றித் தருவது அந்த நகல்தான். அதைத் திறந்து சேமித்த பிறகு மென்பொருளை மூடுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அதற்கு முந்தைய தேதியுள்ள ஸ்கிராட்ச் கோப்புகளை இப்போது தயங்காமல் அழிக்கலாம்.

ஒரே கேள்வி

எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்பதற்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. ஒவ்வொரு கோப்பையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டால் போதும்: இது போனால் இதை மறுபடி உண்டாக்க முடியுமா?

சிறுபட முன்னோட்டங்களை மறுபடி உண்டாக்க முடியும். படத்திருத்த மென்பொருளான லைட்ரூமின் முன்னோட்டக் கோப்புகளையும் கேமரா ரா கேஷ் கோப்புகளையும் மறுபடி உண்டாக்க முடியும். சிறிது நேரம்தான் செலவு. டார்க்டேபிள் மென்பொருளின் கேஷ் கோப்புறையும் அப்படியே. பத்துப் பத்தாக அடுக்கிய இடைநிலைப் படங்களையும் மூலத்திலிருந்து மறுபடி செய்யலாம். இவற்றை இடம் வேண்டும்போது அழியுங்கள்.

லைட்ரூமின் கேட்டலாக் கோப்பை மறுபடி உண்டாக்க முடியாது. நீங்கள் செய்த திருத்தங்களும் குறித்த தேதிகளும் பெயர்களும் அதில்தான் இருக்கின்றன. முன்னோட்டக் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சேர்த்து அழித்துவிடும் ஆபத்து உண்டு. கேமரா பதிந்த மூலப் படத்தையும் மறுபடி உண்டாக்க முடியாது. குறிப்பிட்ட ஓர் இரவில், குறிப்பிட்ட ஒரு மரத்தில் இருந்த மின்மினிகளின் கணக்கு அது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் ஆய்வில் ஓர் ஆண்டின் படம் காணாமல்போனால் அந்த இடைவெளியை எந்த மென்பொருளாலும் நிரப்ப முடியாது.

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் விழும் பள்ளங்கள் இரண்டு. விண்டோஸின் ஸ்டோரேஜ் பகுதியில் தற்காலிகக் கோப்புகளை நீக்கும் பக்கத்தைத் திறந்தால், அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் சேர்ந்து நிற்கும். இயல்பாக அதற்கு டிக் இருக்காது. இடம் வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாப் பெட்டியிலும் டிக் வைப்பவர்கள், வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் உறவினர் அனுப்பி அங்கேயே கிடக்கும் படங்களைக் கூண்டோடு இழக்கிறார்கள்.

மற்றொன்று இன்னும் மறைவானது. ஜிப் கோப்புக்குள் இருக்கும் படத்தை வெளியே எடுக்காமல் அப்படியே இரட்டைச் சொடுக்கில் திறந்தால், விண்டோஸ் அதன் நகலைத் தற்காலிகக் கோப்புறையில் விரித்து அதையே மென்பொருளுக்குக் கொடுக்கும். இரண்டு மணி நேரம் திருத்திச் சேமித்தாலும் சேமிப்பு அந்தத் தற்காலிக நகலில்தான் நடக்கும். ஜிப்பை மூடிய பிறகு திறந்து பார்த்தால் பழைய படமே இருக்கும். மின்னஞ்சல் செயலியில் இணைப்பை நேரே திறப்பவர்களுக்கும் இதே கதி நேரலாம். படத்தை முதலில் உங்கள் கோப்புறைக்கு எடுத்து வைத்து, பிறகு திறப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் படங்களுக்கு ஒரு கணக்கு

சிலாங்கூர் ஆற்றின் மேற்புறத்தில், 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றப்பட்ட பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றிலும் தோட்டங்கள். அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதற்குப் பின் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்களில் வாழ்ந்தவர்கள் பட்டணங்களுக்கும் தாமான்களுக்கும் போனார்கள். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டாரங்களிலும் இதே கதைதான். லயம் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் செம்பனை நிற்கிறது. தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பால்மரம் சீவும் காலைப் பொழுது, லயத்து வாசலில் எடுத்த குடும்பப் படம் ஆகியவை குடும்பங்களின் ஆல்பங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

அந்த ஆல்பங்கள் இந்த நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கின்றன. பிளாஸ்டிக் உறையோடு படம் ஒட்டிக்கொள்கிறது. பிரித்தால் முகம் உறையோடு வந்துவிடும். முன்னாள் தோட்டத்து மக்கள் ஒன்றுகூடும்போதும் சிறப்பு மலர் போடும்போதும் இந்தப் படங்களை ஸ்கேன் செய்யும் வேலை நடக்கிறது. மின்மினிப் படத்துக்குச் சொன்ன ஒழுங்கு இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். படம் அழிந்துகொண்டிருப்பதால் ஸ்கேன் செய்த கோப்பே இனி மூலம். மறுபடி உண்டாக்க முடியாதவற்றின் வரிசையில் அதுவே முதலில் நிற்க வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும்? 4-க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2,400-க்கு 3,600 பிக்சல். 86 லட்சத்து 40 ஆயிரம் பிக்சல். 16 பிட்டில் சுருக்காமல் டிஃப் வடிவில் வைத்தால் ஒரு படம் 52 மெகாபைட். ஒரு தோட்டத்துக் குடும்பங்களிடமிருந்து 500 படங்கள் திரண்டால் 26 ஜிபி. 1,200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் நான்கு மடங்கு, 104 ஜிபி. பழைய அச்சுப் படத்தில் 600 புள்ளிக்கு மேல் பெரும்பாலும் காகிதத்தின் நாரும் அச்சின் மணிகளுமே பதியும். முகத்தின் விவரம் கூடாது. நெகட்டிவ் சுருள் கிடைத்தால் மட்டும் புள்ளியைக் கூட்டுவது பயன் தரும்.

26 ஜிபி என்பது இன்றைய சிறிய பென்டிரைவிலேயே அடங்கும் அளவு. பத்தில் ஒரு பங்குக்குக் குறைக்கிறேன் என்று ஜேபெக்காக மாற்றி மூலத்தை அழிக்க இதில் எந்த நியாயமும் இல்லை. கீறலை நீக்கி நிறத்தைச் சரிசெய்து மலருக்கு அனுப்பும் படத்தை ஜேபெக்கில் கொடுங்கள். ஸ்கேன் செய்த டிஃப் தொடப்படாமல் இருக்கட்டும். நாளை இதைவிட நல்ல மென்பொருள் வரும். அன்றைக்குத் தேவைப்படுவது இன்று நாம் திருத்திய படத்தைவிட, திருத்தாத மூலமே.

வேலையை மூன்று கோப்புறைகளாகப் பிரியுங்கள். மூலம் என்ற கோப்புறையில் ஸ்கேன் மட்டும். படித்தல் மட்டும் என்று அதைப் பூட்டிவிடுங்கள். வேலை என்ற கோப்புறையில் திருத்தம் நடக்கட்டும். வெளியீடு என்பதில் மலருக்கும் பகிர்வதற்கும் உரியவை. தற்காலிகக் கோப்புகள் இந்த மூன்றிலும் சேராமல் தனி இடத்தில் இருக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு, பெயர்களைக் கோப்பின் விவரப் பகுதியில் பதியுங்கள். பெயரற்ற படம் பாதிப் படம்.

மூலத்துக்கு மூன்று நகல். இரு வேறு வகைச் சாதனங்களில். அவற்றில் ஒன்று வேறு ஊரில். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய இந்த விதி எளிமையானது, பலமுறை சோதிக்கப்பட்டது. வெள்ளம் புகுந்தாலும் திருட்டுப் போனாலும் வட்டு பழுதானாலும் மூன்றும் ஒரே நாளில் போகாது. கிள்ளானில் இருக்கும் அண்ணனிடம் ஒன்று, கோலாலம்பூரில் இருக்கும் தங்கையிடம் ஒன்று என்று குடும்பமே காப்பகமாகலாம்.

எல்லாம் முடிந்த பிறகு தற்காலிகக் கோப்புறையைக் காலி செய்யும் நாள் வரும். அன்று வேறு ஊரில் இருக்கும் நகலைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து சில படங்களைத் திறந்து பாருங்கள். முழுதாகத் திறந்து, முகங்கள் தெரிந்து, பெயர்களும் இருந்தால், உங்கள் கணினியில் இருக்கும் தற்காலிகக் கோப்புகள் அத்தனையையும் அழித்துவிடலாம். திறக்காவிட்டால் ஒரு கோப்பையும் தொடாமல் நகலெடுப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.